பதினான்கு மரக்கால்

தை மாதத்து மாலை. வெள்ளாற்றின் நீர்ப்பரப்பில் செக்கர் வானம் விழுந்து கிடந்தது. கரை நெடுகப் பூத்திருந்த நாணலின் வெண்மையில் அந்தச் செம்மை ஏறி, காற்று வரும்போதெல்லாம் மெல்லியதொரு தீ ஓடுவதுபோல் தோன்றி மறைந்தது. வடகரையில் எழுந்து நின்ற எழுவன்கோட்டையின் மதிலுக்கு மேலே, பூசத்து நிறைமதியாவதற்கு இன்னும் பத்து நாட்களை வைத்துக்கொண்டு, வளர்பிறை தனியே நின்றது. வாசகர்களே, இந்த அழகைச் சற்று நேரம் பார்த்துக்கொள்வோம். அரை நாழிகைக்குள் அந்தக் கோட்டை முற்றத்தில் ஒரு மனிதன் விழப் போகிறான்.

முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. கருங்கல் பாவிய தரையின் நடுவில் எயினன் நின்றான். வயது இருபத்தெட்டு. கோட்டைத் தலைவர் கோளரி அரையரின் குதிரைப்படைக்கு நாயகன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெள்ளாற்றில் கல் சுமந்து வென்றவன். இந்தப் பூசத்தன்று மீண்டும் சுமக்க வேண்டியவன். அவனது இரு தோள்களிலும் இரண்டு தோல் பைகள். ஒவ்வொரு பையிலும் ஏழு மரக்கால் ஆற்று மணல்.

கல் சுமப்பது என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடகரையில் எழுவன்கோட்டை, தென்கரையில் கூடற்பாறை. இரண்டுக்கும் ஒரே அணை. அணையின் மதகை முதலில் திறக்கும் உரிமை யாருக்கு என்பதில் முன்னொரு காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் வெட்டி மடிந்தார்கள். பிறகு இரு கரையாரும் கூடி ஒரு வழக்கம் வகுத்தார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பூசத்தன்று, கரைக்கு ஒருவனாக இரண்டு வீரர்கள் ஆளுக்கொரு கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இடுப்பளவு நீரில் ஓட்டத்தை எதிர்த்து, கீழ்ப்பாறையிலிருந்து மேல்பாறை வரை முந்நூறு அடி எடுத்து வைக்க வேண்டும். முதலில் கல்லைப் பாறைமேல் வைப்பவனின் கரைக்கு மதகு. கல்லை நனைய விட்டவன் மேல்பாறையில் இருக்கும் கொற்றவைக்குத் தன் தலையைத் தன் கையாலேயே கொடுத்துவிட வேண்டும். தலை கொடுத்தவனின் குடிதான் அடுத்த முறைக்கும் ஆள் தர வேண்டும். நூறு பேர் சாவதைவிட ஒருவன் சாவது மேல் என்று வகுத்தவர்கள் நினைத்தார்கள். சரியான நினைப்புதான். அந்த ஒருவனுக்கும் ஒரு வீடு இருக்கும் என்பதை மட்டும் அவர்கள் நினைக்கவில்லை.

கல்லின் எடை ஏழு மரக்கால் மணல். எயினன் சுமந்து நின்றதோ பதினான்கு. ஏன் என்று கேட்டால் எழுவன்கோட்டையில் சிரிப்பார்கள். அங்கே பயிற்சியில் ஒரு மரக்கால் கூடும்போதெல்லாம் போர்முரசு அறைவார்கள். முரசு அறைந்த எடைக்குக் கீழே வீரன் இறங்கக் கூடாது. ஒரு நாளும் ஓயக் கூடாது. ஓய்ந்தால் முரசுக்கு இழுக்கு. ஆகவே எடை ஏறத்தான் முடியும். இறங்க வழி இல்லை.

"பதினாலு!" என்று கத்தினான் முரசறையும் தத்தன். பானை வயிறும் பெரிய குரலும் கொண்டவன். "நல்லாப் பாத்துக்கங்க! எதிர்க்கரைக்காரன் காதுல பஞ்சு வச்சிருந்தாலும் கேக்கும்!"

பதினான்கு முறை முரசு அதிர்ந்தது. எயினன் நடக்கத் தொடங்கினான்.

மண்டபத் தூணருகில் ஒரு பெண் நின்றாள். வரகுணை. மருத்துவச்சி. நான்கு மாதங்களுக்கு முன் மேற்கே மலையடிவாரத்திலிருந்து வந்ததாகச் சொன்னவள். வந்த வாரமே எயினனின் இறங்கிப்போன தோள்மூட்டை ஏற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவன் என்ன உண்பது, எவ்வளவு சுமப்பது என்பதெல்லாம் அவள் சொல். பூசம் கழிந்ததும் அவளை மணக்கப் போவதாக எயினன் அரையரிடம் சொல்லி வைத்திருந்தான். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இருபது அடி நடந்தான். முப்பது. முப்பத்தேழாவது அடியில் அவனது வலது முழங்கால், யாரோ பின்னாலிருந்து வெட்டியதுபோல், மடிந்தது. பைகள் முதலில் விழுந்தன. அவற்றின்மேல் அவன் விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கருங்கல்லில் பரவியது.

யாரும் அசையவில்லை. தத்தனின் கையிலிருந்த கோல் பாதி வழியில் நின்றது. எழுவன்கோட்டையின் கல்வீரன் விழுந்ததை அந்த முற்றம் இதுவரை பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது என்றே அதற்குத் தெரியவில்லை.

அந்த அமைதியில் ஆற்றின் அக்கரையிலிருந்து முரசு கேட்டது. எல்லோரும் எண்ணினார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.

பதினைந்து.

"ஏத்திட்டானுக," என்றான் தத்தன் மெல்ல. "நாம ஒண்ணு போட்டா அவனுக ஒண்ணு போடுறானுக. நாலு மாசமா இதே கதை."

வரகுணையின் கையிலிருந்த சிறு செப்புக் கிண்ணம் நழுவித் தரையில் விழுந்து ஒலித்தது. காதலன் விழுந்த அதிர்ச்சி என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவள் எயினனைப் பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோளரி அரையர் படியிறங்கி வந்தார். "பெண்ணே, உயிர் இருக்கிறதா?"

அவள் எயினன் அருகே வந்து குனிந்து, மூச்சைச் சோதித்தாள். "இருக்கிறது, அரையரே."

"நாளை எழுவானா?"

அவள் அவன் மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தாள்.

"எழுவான்," என்று அரையரே சொல்லிக்கொண்டார். "நாளை பதினாறு. தென்கரையானுக்குக் கீழே நாம் ஒரு நாள்கூடத் தூங்கக் கூடாது."

*

விடியும் வேளை. எயினனின் அறைச் சாளரத்தில் வெளிச்சம் அப்போதுதான் தலைகாட்டியது. வரகுணை வழக்கம்போல் வந்தாள். அவன் படுக்கையை விட்டு எழுமுன் நாடி பார்ப்பது அவள் வழக்கம். அகன்ற பாத்திரத்தில் நீர். அதன்மேல் அந்தச் செப்புக் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் ஊசித்துளை. நீர் ஏறிக் கிண்ணம் மூழ்கும் வரை நாடித் துடிப்பை எண்ணுவாள். எழுந்து நடந்த பிறகு எண்ணினால் உடல் பொய் சொல்லும் என்பாள். உறங்கி எழுந்த உடல் பொய் சொல்லாது.

கிண்ணம் மூழ்கியது.

"எத்தனை?" என்று கேட்டான் எயினன். குரல் உலர்ந்திருந்தது.

"நூற்று அறுபத்தொன்று."

"நீ வந்த புதிதில்?"

"நூற்றுப் பதினெட்டு."

அவன் சிரிக்க முயன்றான். உதடு வெடித்திருந்தது. "நாடியை ஏன் குறை சொல்கிறாய்? கையைப் பிடித்திருப்பவள் நீ. துள்ளாமல் என்ன செய்யும்?"

அவள் கை அவன் மணிக்கட்டிலேயே உறைந்து நின்றது.

"வரகுணை? என்ன?"

"இதையே சொன்னார். இதே சொற்கள். ஒன்று மாறவில்லை."

"யார்?"

"என் கணவர்."

எயினன் எழுந்து உட்கார முயன்றான். முடியவில்லை.

"கூடற்பாறைச் சேந்தன்," என்றாள் அவள்.

ஐந்து ஆண்டுகளாக எழுவன்கோட்டையில் யாரும் உச்சரிக்காத பெயர் அது. எயினன் அந்தப் பெயருக்குரியவனோடு தோளுக்குத் தோள் வெள்ளாற்றில் நடந்தவன். அவன் கல் நனைந்ததைக் கண்டவன். அவன் தலை பாறையில் உருண்டதையும் கண்டவன்.

வரகுணை அழவில்லை. வாசகர்களே, இப்படிப்பட்ட இடத்தில் பெண்கள் அழுவார்கள் என்று கதைகளில் படித்திருப்பீர்கள். அவள் மருந்தின் அளவு சொல்வதுபோலச் சொன்னாள்.

"மணமாகி ஆறு மாதம். தினமும் முரசு. தினமும் சுமை. காலையில் அவர் கையைப் பிடிப்பேன். நாடி துள்ளும். என்னைக் கண்டுதான் துள்ளுகிறது என்று மகிழ்ந்துபோனேன், எயினரே. மருத்துவர் மகள் நான். களைத்த குதிரைக்கு நாடி எப்படி ஓடும் என்று அப்பா காட்டியிருக்கிறார். குதிரையிடம் கண்டுகொள்ளத் தெரிந்தது, கணவரிடம் கண்டுகொள்ளத் தெரியவில்லை."

"என்னைக் கொல்ல வந்தாய்."

"ஆம்."

"நஞ்சு வைத்திருக்கலாமே."

"அரையரின் மனிதர்கள் உம் சோற்றை முதலில் உண்கிறார்கள். உம் சுமையை முதலில் சுமப்பவர் யாரும் இல்லை."

அவன் அவளையே பார்த்தான்.

"உடலுக்குச் சுமையைச் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும்," என்றாள். "நான் கடைசி ஐந்து மரக்காலையும் இருபது நாளில் ஏற்றினேன். சுமந்தவனை ஓய விட வேண்டும். சுமக்கும்போது உடல் உடைகிறது. ஓயும்போதுதான் கட்டிக்கொள்கிறது, முன்பைவிட ஒரு படி கூடுதலாக. உமக்கு ஓய்வே தரவில்லை. முரசு எனக்கு உதவியாக இருந்தது. நீரில் நடக்க வேண்டியவரைக் கருங்கல்லில் நடக்க விட்டேன். உம்முடைய அளவு வேறு, இந்தக் கோட்டை யானைப்பாகனின் பெரிய உடலுக்குரிய அளவு வேறு. அவன் சுமந்ததை உமக்கும் கொடுத்தேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன்."

"பழிக்காகவா?"

"முதலில் பழிக்காக. பிறகு பூவனுக்காக."

"பூவன் யார்?"

"என் கணவரின் தம்பி. தலை கொடுத்த குடி ஆள் தர வேண்டுமல்லவா? அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆண் அவன்தான். இந்தப் பூசத்தில் உம்மோடு நடக்கப் போகிறவன். நீர் கல்லைப் போட்டால் அவன் பிழைப்பான் என்று நினைத்தேன்." அவள் குரல் அங்கேதான் முதல்முறை தடுமாறியது. "நேற்று அக்கரையில் பதினைந்து அறைந்தார்கள். நான் இங்கே ஒன்று கூட்டினால் அங்கே ஒன்று கூடுகிறது. நான்கு மாதமாக உமக்கு ஏற்றிய ஒவ்வொரு மரக்காலையும் பூவன் தோளிலும் ஏற்றியிருக்கிறேன். என் கணவருக்குச் செய்ததையே அவர் தம்பிக்கும் செய்துவிட்டேன்."

சாளரத்துக்கு வெளியே யாரோ குதிரைக்குத் தண்ணீர் காட்டும் ஓசை கேட்டது.

"உன் கணவன் கல்லைப் போடவில்லை," என்றான் கடைசியில். "கல்லோடு விழுந்தான். எழுந்து மேல்பாறைக்குப் போகும்போது கால்கள் நடுங்கின. பயந்துவிட்டான் என்று எங்கள் கரையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்."

அவள் தலை குனிந்தாள்.

"நேற்று விழுந்தபோது என் கால்களும் அப்படித்தான் நடுங்கின. எனக்குப் பயம் இல்லை." அவன் மூச்சு வாங்கினான். "நான் இனிப் பிழைக்க வழி உண்டா?"

"ஒன்பது நாள் இருக்கிறது. மணல் கூடாது. முரசு கூடாது. மூன்று நாள் முழு உறக்கம். பிறகு வெறுந்தோளோடு இடுப்பளவு நீரில் நடை, ஒரு நாளுக்கு ஒருமுறை, களைக்கும் முன் கரையேற வேண்டும். முற்றிலும் படுத்தேயிருந்தாலும் கூடாது. கிடைத்த பலம் கரைந்துபோகும்."

"இதையும் என்னைக் கொல்லத்தான் சொல்கிறாய் என்றால்?"

"கொல்வதாக இருந்தால் நான் இன்று வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. மாலைக்குள் அரையரே முடித்துவிடுவார்."

அது உண்மை. எயினனுக்கும் தெரிந்தது.

*

"ஓய்வா?" என்றார் கோளரி அரையர். அந்தச் சொல்லை அவர் தட்டில் விழுந்த பூச்சியைப்போலப் பார்த்தார். "முரசு அறைந்தாயிற்று, எயினா. பதினான்குக்குக் கீழே நீ இறங்க முடியாது."

"இறங்கவில்லை, அரையரே. படுத்துக்கொள்கிறேன்."

தத்தன் குறுக்கிட்டான். "சாமி, முரசு என்ன ஆகறது? ஒன்பது நாள் சும்மா கெடந்தா தோலு விட்டுப்போகுமே!"

"அதையும் என் பக்கத்தில் படுக்கப் போடு," என்றான் எயினன். "அதுவும் நான்கு மாதமாக அடி வாங்குகிறது."

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அரையர் சிரிக்கவில்லை. வரகுணையின் பக்கம் திரும்பினார்.

"இது உன் யோசனையா?"

"ஆம்."

"கல் நனைந்தால் அவன் தலை பாறையில் விழும். உன் தலை இந்த முற்றத்தில் விழும். ஒப்புக்கொள்கிறாயா?"

"ஒப்புக்கொள்கிறேன்."

அவ்வளவு விரைவில் பதில் வரும் என்று அரையர் எதிர்பார்க்கவில்லை. வேறு ஆளைத் தேடவும் நாள் இல்லை. கையை வீசிவிட்டுப் போனார்.

எழுவன்கோட்டையில் முரசு நின்றது. ஊர் அதை இழவு வீட்டு அமைதியாகக் கேட்டது. பெண்கள் எயினனின் வீட்டுப் பக்கம் போவதைத் தவிர்த்தார்கள். அக்கரையிலிருந்து குரல்கள் வந்தன.

"என்னடா வடகரை! முரசைத் தின்னுட்டீங்களா?"

"உங்க ஆளு எழுந்துட்டானா, இல்ல இன்னும் தொட்டில்லயா?"

அதன்பின் அவர்கள் முரசு. பதினாறு. இரண்டு நாள் கழித்துப் பதினேழு. எதிரி ஓய்ந்துவிட்டான் என்ற மகிழ்ச்சியில் கூடற்பாறை ஏறிக்கொண்டே போனது.

பூசத்துக்கு முன் ஒன்பது நாள் ஆற்றில் படகு விடக் கூடாது என்பது இரு கரைக்கும் உள்ள வழக்கம். மீறினால் அம்பு. ஐந்தாம் நாள் நண்பகலில், எயினன் நீரில் நடந்துகொண்டிருந்தபோது, வரகுணை கரையோரம் போய் நின்றாள். அக்கரையில் புள்ளிபோல் ஒருவன் மணல்மூட்டையோடு நடப்பது தெரிந்தது. அவள் வாய் திறந்தாள்.

கரையேறி வந்த எயினன் அவள் தோளைப் பற்றினான். "கூவினால் என்ன சொல்வாய்? ஓய்வெடு என்றா? வடகரையிலிருந்து ஒரு பெண் அப்படிச் சொன்னால் அவர்கள் இன்னும் இரண்டு மரக்கால் ஏற்றுவார்கள்."

"பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறீரா? ஒருமுறை பார்த்தாயிற்று."

அவன் தன் கையை அவள் தோளிலிருந்து எடுத்தான்.

காலைதோறும் கிண்ணம் மூழ்கியது. நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று நாற்பத்தொன்பது. நூற்று முப்பது. ஒன்பதாம் நாள் காலை நூற்றுப் பதினாறு.

"என் உடல் எனக்கே புதிதாக இருக்கிறது," என்றான் எயினன். கையை மடக்கி விரித்தான். "ஒன்று கேட்கிறேன். பதினான்கு மரக்கால் இப்போது என்னால் முடியுமா?"

"கல் ஏழுதானே."

"கேட்டதற்குப் பதில் சொல்."

அவள் யோசித்தாள். "ஓய்வில்லாமல் அன்று முப்பத்தேழு அடி நடந்தீர். இப்போது ஒருவேளை நூறு அடி நடக்கலாம். அதற்குமேல் அந்த வலது முழங்கால் தாங்காது. தாங்கினாலும் பிறகு அது முழங்காலாக இராது. ஏன் கேட்கிறீர்?"

அவன் சாளரத்தின் வழியே ஆற்றைப் பார்த்தான்.

*

பூச நாள். காலைப் பனி விலகி வெள்ளாறு இரு கரைக்கும் நடுவே வெள்ளித் தகடாக விரிந்து கிடந்தது. வடகரையில் கோளரி அரையரும் அவர் படையும். தென்கரையில் கூடற்பாறைத் தலைவரும் அவர் படையும். இரு கரையிலும் மரக்கிளைகள்கூட மனிதர்களால் வளைந்திருந்தன. மேல்பாறையில் கொற்றவையின் முன் ஒரு வாள் கிடத்தப்பட்டிருந்தது. தலை கொடுப்பவனுக்காக.

கீழ்ப்பாறையில் இருவர் தோளிலும் கல் ஏற்றினார்கள். பூவனை எயினன் அப்போதுதான் அருகில் பார்த்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். அகன்ற தோள். ஆனால் கண்கள் குழிந்திருந்தன. கல் ஏறும் முன்பே உதடுகள் வெளுத்திருந்தன.

"காலையில் நாடி எப்படித் துடித்தது?" என்று கேட்டான் எயினன்.

பூவன் திகைத்தான். "என்னய்யா கேக்குறீரு? பைத்தியமா?"

"துள்ளியதா?"

"நடக்கிற வழியப் பாரும்."

கொம்பு ஊதியது. இருவரும் நீரில் இறங்கினார்கள்.

முதல் நூறு அடியில் பூவன் முந்தினான். தென்கரை ஆர்ப்பரித்தது. எயினன் அவசரப்படவில்லை, ஆறு நாள் பழகிய நீர், மணல் எங்கே சரியும், ஓட்டம் எங்கே தள்ளும் என்று அவன் பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. நூற்றைம்பதில் இருவரும் ஒன்றானார்கள். இருநூறில் எயினன் ஓரடி முன்னே. வடகரையில் தத்தன் தன்னை மறந்து முரசின்மேல் ஏறி நின்றான்.

இருநூற்றுப் பத்தாவது அடியில் பூவன் நின்றான்.

அவன் கால்கள் நடுங்கின. நீர் அவனைச் சுற்றி நுரைத்தது. கல் தோளிலிருந்து ஒரு விரற்கடை சரிந்தது, இன்னொரு விரற்கடை. தென்கரை ஊமையானது. கரையில் நின்ற வரகுணை கண்களை மூடவில்லை. மூட அவளுக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள்.

எயினன் திரும்பினான்.

முன்னே போக வேண்டியவன் திரும்பி இரண்டு அடி பின்னால் வந்தான். பூவனின் தோளோடு தன் வெறுந்தோளை ஒட்டினான். "கல்லை இந்தப் பக்கம் தள்ளு," என்றான்.

"என்ன?"

"தள்ளடா! நனையப் போகிறது!"

பூவன் தள்ளினானா, கல் தானே சரிந்ததா, தெரியாது. இரண்டாவது கல் எயினனின் இடது தோளில் வந்து விழுந்தது. வலது தோளில் ஏழு. இடது தோளில் ஏழு. அவனைப் பத்து நாள் முன் வீழ்த்திய அதே பதினான்கு.

ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தினால் என்ன ஓசை வருமோ அது வெள்ளாற்றின்மேல் கேட்டது.

அவன் நடந்தான். இருநூற்றுப் பதினைந்து. இருநூற்று முப்பது. பழிக்காக ஏற்றப்பட்ட ஒவ்வொரு மரக்காலும், ஒன்பது நாள் ஓய்வில் எலும்பாகவும் நரம்பாகவும் மாறி, இப்போது அவனுக்குக் கீழே நின்று தாங்கியது. பூவன் அவன் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு பின்னால் தடுமாறி வந்தான். இருநூற்றெண்பதில் வலது முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. எயினனின் வாயிலிருந்து வந்த ஒலியை இரு கரையும் கேட்டன. அவன் நிற்கவில்லை. இடது காலால் நடந்தான். வலது காலை இழுத்தான்.

மேல்பாறையில் இரண்டு கற்களும் ஒன்றாக இறங்கின. இரண்டும் உலர்ந்திருந்தன. அவற்றின் அருகே அவன் விழுந்தான்.

முதலில் பேசியவர் கோளரி அரையர். "தென்கரையான் சுமக்கவில்லை! அவன் தலை கொற்றவைக்கு!"

"கல் நனைந்ததா?" என்று அக்கரையிலிருந்து கூடற்பாறைத் தலைவர் கூவினார். "நனைந்தால்தான் தலை!"

வாள்கள் உருவப்படும் ஓசை இரு கரையிலும் எழுந்தது. அப்போது ஒரு பெண் வடகரையிலிருந்து நீரில் இறங்கி மேல்பாறையை நோக்கி நடந்தாள். அவளைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பாறையைப் பற்றிக்கொண்டு நின்ற பூவன் அவளைக் கண்டான். கண்களைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தான்.

"அண்ணி?"

அந்த ஒரு சொல்லில் இரு கரையும் அடங்கிப்போயின.

"யாருக்கு அண்ணி?" என்றார் அரையர். அவர் குரலில் அதிகாரம் இல்லை.

"இவனுக்கு," என்றாள் வரகுணை. பாறைமேல் ஏறி, வாளுக்கும் பூவனுக்கும் நடுவே நின்றாள். "நான் சேந்தன் மனைவி. உங்கள் வீரனைக் கொல்ல உங்கள் கோட்டைக்குள் வந்தவள். கல் நனையவில்லை, ஆகவே இவர் தலையும் இல்லை, இவன் தலையும் இல்லை. உங்களுக்கு ஒரு தலை வேண்டுமென்றால் என்னுடையது இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம்."

தென்கரையில் யாரோ "சேந்தன் பொண்டாட்டியா!" என்றார்கள். வடகரையில் தத்தன் முரசிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். அரையரின் கை வாளின் பிடியில் இருந்தது. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

எயினன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். வலது கால் அவனுக்குச் சொந்தமில்லாததுபோல் நீண்டு கிடந்தது. கொற்றவையின் முன்னிருந்த வாளை எடுத்தான்.

"அரையரே, தலை கொடுத்த குடிதான் அடுத்த ஆளைத் தர வேண்டும். இம்முறை தலை கொடுத்த குடி இல்லை. அடுத்த ஆளை எந்தக் குடி தரும்? வழக்கத்தில் இதற்கு விடை இருந்தால் சொல்லுங்கள்."

அரையர் தம் முதியவர்களைப் பார்த்தார். முதியவர்கள் அக்கரை முதியவர்களைப் பார்த்தார்கள். விடை எந்தக் கரையிலும் இல்லை.

"இரண்டு கல்லும் ஒன்றாக இறங்கின. மதகை இருவரும் ஒன்றாகத் திறவுங்கள். கொற்றவை அறியச் சொல்கிறேன்: என் உயிர் உள்ளவரை இந்தப் பாறையில் இன்னொரு தலை விழ விட மாட்டேன். இவள் தலையும் அதில் அடக்கம்."

வாளை வீசினான். அது சுழன்று போய் ஆற்றில் விழுந்தது. நீர் மூடிக்கொண்டது. அந்த வழக்கத்தில் முதல்முறையாக, கல்லுக்குப் பதில் நனைந்தது வாள்தான்.

யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. எதற்கு முரசு அறைவது என்று தத்தனுக்குத் தெரியவில்லை. அரையரின் கை மெல்லப் பிடியை விட்டது.

வரகுணை எயினனின் அருகில் முழந்தாளிட்டாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். அது இனிச் சுமக்காது. நடக்கவே ஒரு கோல் வேண்டியிருக்கும். அதை அவள் சொல்லவில்லை. அவன் கேட்கவுமில்லை. அவன் மணிக்கட்டைப் பற்றினாள். கிண்ணம் கோட்டையில் இருந்தது. மறு கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தன் நாடியை வைத்து அவன் நாடியை எண்ணத் தொடங்கினாள்.

அவன் வெடித்த உதடுகள் அசைந்தன. "நாடியை ஏன்..." என்று தொடங்கினான்.

"சொல்லாதீர்."

அவன் சொல்லவில்லை.

நாடி துள்ளியது. துள்ளுவதற்குக் காரணம் தான் அல்ல, பதினான்கு மரக்கால் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கையை விடவில்லை.